தொட்டி நல்லா இருக்குதுங்க

ஐயாசாமி ஒரு வெளிநாட்டுச் சதி என்று பன்னிரண்டு அரசாங்கங்கள் ஒருமனதாக முடிவு செய்த நேரத்தில், அவர் சிங்காநல்லூரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சதிகளுக்கு நேரில் தகவல் சொல்லும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

ஐயாசாமிக்கு வயது ஐம்பத்து நான்கு. மூடிப்போன மில் ஒன்றின் பின்புறம், நான்கு தெருக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டிக்கு அவர் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு, அரை மைல் தள்ளி பம்ப் ஹவுஸில் இருக்கும் கருப்பாத்தாளுக்கு போன் போடுவார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"அப்பப் போட்டுருங்க."

மோட்டார் ஓடும். காலை ஆறு மணிக்குக் கருப்பாத்தாள் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் பதினாறு வருடமாக இந்த மூன்று வாக்கியங்களில்தான் நான்கு தெருவும் குளித்துச் சமைத்துத் துவைத்துக்கொண்டிருந்தது.

தீபாவளி கழிந்த வாரம் தொட்டியின் மூன்றாவது தூணில் ஒரு விரிசலைப் பார்த்தார். விரல் நுழைந்தது. பத்து நாளில் கை நுழைந்தது. தொட்டிக்கு நேர் கீழே, நிழல் நன்றாக விழுகிறது என்பதற்காக, அங்கன்வாடி கட்டியிருந்தார்கள். இருபத்திரண்டு குழந்தைகள்.

அவர் தொட்டியை அரைவாசிக்கு மேல் நிரப்புவதை நிறுத்தினார். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ரசீது கொடுத்தார்கள். மறுபடி போய், மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். கேட்டதற்கும் ஒரு ரசீது கொடுத்தார்கள். கடைசியில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. தண்ணி உடற ஐயாசாமி பேசறனுங்க. சாப்பிட்டீங்களா? குழந்தைக எல்லாம் சொகமா இருக்குதுங்களா? ரசாக் பாய், உங்க முட்டிவலி இப்பத் தேவலைங்களா? ஒண்ணுமில்லீங்க, டேங்கோட மூணாவது தூணு உட்டுப்போச்சுங்க. எப்ப வேணாலும் உழுந்துரும். யாரும் வெசனப்படாதீங்க. பால்வாடிக் குழந்தைகளை மட்டும் சித்த அக்கட்ட கூட்டிட்டுப் போயிருங்க."

முழுப் பதிவு இரண்டு நிமிடம் பத்து விநாடி. தொட்டி வருவது ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு அப்புறம். அந்தப் பக்கத்தில் கெட்ட சேதியை வெறுமனே எடுத்து நீட்டமாட்டார்கள். சாவுச் சேதி என்றாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். சேதி கேட்டபிறகு எங்கே சாப்பிடப்போகிறார்கள் என்ற கரிசனம்.

பேக்கரி வைத்திருக்கும் ரசாக் பாய் அந்தப் பதிவை ஷார்ஜாவில் இருக்கும் தன் மகன் நிஜாமுக்கு அனுப்பினார். தன் முட்டிவலியை ஐயாசாமி விசாரித்ததை மகனும் கேட்கட்டும் என்று. நிஜாம் பதறிப்போய் அதை அப்படியே தெருக் குழுவுக்குத் திருப்பி அனுப்பினான். கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததில் ஐயாசாமியின் குரலுக்கு ஒரு வெளிநாட்டு எண் கிடைத்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், கலப்பு அச்சுறுத்தல் மற்றும் அயல்நாட்டுத் திரிபுச் செய்தித் தடுப்புக்கான பன்னாட்டு ஒத்துழைப்பு மையத்தின் கோவைக் கிளை இருந்தது. மேசையில் பன்னிரண்டு குட்டிக் கொடிகள். திறந்து ஆறு மாதமாகியும் ஒரு அச்சுறுத்தலும் வரவில்லை. அச்சுறுத்தல் வராததே மிகப்பெரிய அச்சுறுத்தல் என்று இணை இயக்குநர் கௌதமன் இரண்டு கருத்தரங்குகளில் பேசிப் பொன்னாடை வாங்கியிருந்தார்.

அந்தப் பதிவு அங்கே வந்து சேர்ந்ததும், ஆய்வாளராக இருந்த ஷ்ரவ்யா மூன்று வரிக் குறிப்பு ஒன்று எழுதினாள். வெளிநாட்டு எண்ணிலிருந்து குரல் பதிவு. குடிநீர்த் தொட்டி பற்றிய பீதி. உண்மையா என்று சரிபார்க்க வேண்டும்.

குறிப்பு பதினொரு நாடுகளுக்குப் போனது. சரிபார்ப்பது வேறு ஏதோ ஒரு நாட்டின் வேலை என்று ஒவ்வொரு நாடும் மூன்றாவது வரியை நீக்கிவிட்டு அடுத்த நாட்டுக்கு அனுப்பியது. பதினொரு மொழிகளில் அது திரும்பி வந்தபோது கௌதமன் கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா ஷ்ரவ்யா? பன்னிரண்டு நாடுகள், தனித்தனியா, ஒரே முடிவுக்கு வந்திருக்கு. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. இதுக்குப் பேர்தான் ஒத்துழைப்பு."

அன்று மாலை தெருக் குழுவில் ஐயாசாமியின் பதிவு மேல் சிவப்பு முத்திரை விழுந்தது. வெளிநாட்டுச் சதி. பகிர வேண்டாம்.

மறுநாள் ஐயாசாமி வெளுத்த சட்டை போட்டு, ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, விரிசலுக்குள் தன் கை இருக்கும் போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, பஸ் ஏறி மையத்துக்குப் போனார்.

"ஏனுங்க, நான்தானுங்க ஐயாசாமி."

கௌதமன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஷ்ரவ்யாவிடம் திரும்பினார். "குறிச்சுக்கோங்க. சதிக்கு இப்ப உடம்பும் வந்துருச்சு."

"உடம்பு அப்பவே இருந்துச்சுங்க."

"உக்காருங்க ஐயா. உங்க மேல எங்களுக்குக் கோபமே இல்லை. நீங்க இருக்கீங்களா இல்லையாங்கறதுல நாங்க தலையிடறதில்லை. ஆனா அந்தக் குரல் பதிவுல முதல் ஒன்றே முக்கால் நிமிசம் ஆபத்தைப் பத்திப் பேச்சே இல்லை. உயிர்ப்பயத்துல இருக்கற மனுசன் இன்னொருத்தன் முட்டிவலியை விசாரிப்பானா? எங்க குளிர் தேசத்து நண்பர்கள்தான் இதை முதல்ல கண்டுபிடிச்சாங்க. அவங்க ஊர்ல யாரும் யாரையும் சாப்பிட்டாச்சான்னு கேக்கறதே இல்லை."

"அய்யோ பாவமே" என்றார் ஐயாசாமி. மனதாரத்தான் சொன்னார்.

ஷ்ரவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போன் போட்டு அதைத்தான் கேட்பாள். ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐயாசாமி போட்டோவை மேசையில் வைத்தார். "என்ற கை உள்ள போவுது பாருங்க."

கௌதமன் பதிலுக்கு ஒரு படத்தை வைத்தார். நட்பு நாடு ஒன்றின் செயற்கைக்கோள் எடுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். "மேலேருந்து பாத்தா விரிசல் எதுவும் இல்லை."

"தூணு அடியில இருக்குதுங்க."

"அடியிலருந்து பாக்கற செயற்கைக்கோள் இன்னும் யார்கிட்டயும் இல்லை ஐயா." கௌதமன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வெளிப்படையாவே பேசறேன். தொட்டி எங்க வரம்புல வராது. தொட்டியைப் பத்தின பேச்சுதான் வரும். விரிசல் சிமென்ட்டுல இருந்தா பொறியாளர் பாத்துக்குவார். அது மக்கள் மனசுக்குப் பரவாம தடுக்கறதுக்குத்தான் பன்னிரண்டு அரசாங்கம் கை கோத்திருக்கு."

"உழுந்துபோட்டா என்னங்க பண்றது?"

"விழுந்துட்டா அது செய்தி. செய்தியை நாங்க தொடவே மாட்டோம். அதுவரைக்கும் அது வதந்தி."

பிறகு அவரை ஒரு கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார்கள். புகாரைப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் வாசிக்கச் சொன்னார்கள். எண்கள், காய்கறிப் பெயர்கள், நலம் விசாரிப்புகள். நடுவில் அவருக்கு இருமல் வந்தது. அதையும் பதிவு செய்துகொண்டார்கள். காபி கொடுத்தார்கள். நல்ல காபி. நம் பேச்சை ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்ட முதல் அலுவலகம் என்று ஐயாசாமி பஸ்ஸில் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், ரசாக் பாய் கடையில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனபோது அவர் தன் குரலைக் கேட்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. தண்ணி உடற ஐயாசாமி பேசறனுங்க. சாப்பிட்டீங்களா? தொட்டி நல்லா இருக்குதுங்க. யாரும் வெசனப்படாதீங்க."

கடைசியில் ஒரு சின்ன இருமல். அவருடைய இருமல்தான்.

கிளாஸ் கையிலேயே நின்றது. கடைக்குள் நான்கு பேர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். ரசாக் பாய் போனை அணைத்துவிட்டு, "இப்பத்தான் ஐயாசாமி நிம்மதியா இருக்குது. நீங்களே சொல்லிட்டீங்க" என்றார்.

"பாய், நான் சொல்லலீங்க. உங்க முன்னாலதான நிக்கறேன், வாயத் தொறந்தனா?"

"அதான், தெரியாமத்தான் கேக்கறேன். வாயத் தொறக்காமயே எப்படி இவ்வளவு தெளிவாப் பேசறீங்க?"

அன்றிலிருந்து அந்தக் குரல் எங்கும் இருந்தது. பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில், திருப்பூர் பஸ் புறப்படும் நேரத்துக்கும் அவிநாசி பஸ் புறப்படும் நேரத்துக்கும் நடுவில் தொட்டி நன்றாக இருந்தது. ஆட்டோவில் இருந்தது. சந்தில் நடந்து போகையில் ஜன்னல்களுக்குள்ளிருந்து அவரே அவரிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அது கேட்கும்போதெல்லாம் ஐயாசாமி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருமல் வந்தால் அடக்கிக்கொண்டார். யாருடையது என்று நிச்சயமாகத் தெரியாத பொருளை வெளியே எடுப்பானேன்?

இரண்டாம் வாரம் அது பதில் பேசவும் ஆரம்பித்தது. ஒத்துழைப்பின் அடுத்த கட்டம் என்றது மையம். ஐயாசாமி வீட்டுக்குப் போனபோது மனைவி பாவாத்தாள் முருங்கைக்காய் நறுக்கியபடி போனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டப் பேசற?"

"உங்ககிட்டத்தான்."

"பாவாத்தா, அது நானில்ல."

"தெரியுதுங்க. நீங்க இந்த முப்பது வருசத்துல என்னைய ஒரு நாளாச்சும் சாப்பிட்டியான்னு கேட்டிருப்பீங்களா? ஊரையெல்லாம் கேப்பீங்க. இது இன்னைக்கு மட்டும் ரெண்டு தடவ கேட்டுருச்சு."

ஐயாசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய குரல் முருங்கைக்காய் விலையை விசாரித்தது. அவருடைய மனைவி சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு ஆள் அதிகமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. யார் அதிகம் என்பதுதான் விளங்கவில்லை.

அன்றே அவரைத் தெருக் குழுவிலிருந்து நீக்கினார்கள். சரிபார்க்கப்பட்ட ஐயாசாமி ஒருவர் ஏற்கெனவே குழுவில் இருக்கிறாராம்.

அங்கன்வாடி டீச்சர் பொற்கொடியிடம் போய் நின்றார். குழந்தைகள் சின்னச் சின்ன வண்ண நாற்காலிகளில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே தொட்டி.

"அம்மணி, குழந்தைகளை வேற எடத்துக்கு மாத்திருங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

"அண்ணா, தொட்டி நல்லா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது நானில்லீங்க."

பொற்கொடி அவரை இரக்கத்துடன் பார்த்தாள். "அதையும் நீங்களே சொல்லிட்டீங்கண்ணா. 'நானில்லேன்னு சொல்லிட்டு என்னைய மாதிரியே ஒருத்தன் வருவானுங்க, நம்பாதீங்க'ன்னு."

வதந்தி வருவதற்கு முன்பே மறுப்பைப் போட்டுவைப்பது மையத்தின் நவீன முறை. ஐயாசாமி தனக்கு முன்னாலேயே தான் வந்து போயிருப்பதைக் கண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

அந்த வாரம் மையம் ஒரு விழா அறிவித்தது. நம்பிக்கை நாள். வெள்ளிக்கிழமை தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, அதன் கீழே இருபத்திரண்டு குழந்தைகளையும் பன்னிரண்டு கொடிகளுடன் உட்காரவைத்துப் பாடச்சொல்லி, அந்தப் படத்தை உலகத்துக்கு அனுப்புவது. பகல் பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரை. பன்னிரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே சமயத்தில் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளில் அந்த இருபது நிமிடம்தான்.

ஐயாசாமி கருப்பாத்தாளுக்குப் போன் போட்டார். "என்ற கொரல்ல யாராச்சும் கூப்புட்டா மோட்டாரப் போட்றாதீங்க."

"அப்ப இப்பக் கூப்புடறது யாருங்க?" என்றாள் கருப்பாத்தாள்.

ஐயாசாமி தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனை வைத்தார்.

விழாவுக்காகத் தொட்டியைக் கழுவச் சொல்லி உத்தரவு வந்தது. வியாழக்கிழமை காலை ஐயாசாமி தொட்டியை வடித்து, ஏணியில் ஏறி உள்ளே இறங்கினார். தேய்த்துக் கழுவி முடிக்கையில் உச்சிப்பொழுது. மேலே மூடியைத் திறந்துவைத்த துளை வழியாக ஒரு வட்ட வெயில் தரையில் கிடந்தது. காலடியில், சிமென்ட்டுக்கு அடியில், ஏதோ மெதுவாக நறநறத்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் மனிதனைப் போல.

அவர் பயத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் இருந்தது. குழாய் காலி. அது நேராகக் கீழே அங்கன்வாடிக் குழாய்க்குத்தான் போகிறது. அதன் வழியே குழந்தைகளின் சத்தம் தட்டுச் சத்தத்தோடு மேலே வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம்.

உயிரோடு இருக்கும் ஐயாசாமி சொல்லி யாரும் கேட்கவில்லை. போனில் இருக்கும் ஐயாசாமி தப்பாகச் சொல்கிறான். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஐயாசாமிதான். அவர் குழாயில் வாயை வைத்தார்.

கீழே பொற்கொடி பருப்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். கை கழுவத் திறந்துவைத்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் வரவில்லை.

"ஏனுங்க அம்மணி" என்று வந்தது. "சாப்பிட்டீங்களா?"

பொற்கொடி சோற்றுக் கையோடு குனிந்து குழாயைப் பார்த்தாள். "யா... யாருங்க?"

"ஐயாசாமிங்க."

"எங்கிருந்து பேசறீங்க?"

ஐயாசாமி அதுவரை பொய் சொன்னதில்லை.

"செத்துப்போயிட்டனுங்க" என்றது குழாய். "இப்பத் தொட்டிக்குள்ளதான் இருக்கறனுங்க. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போயிருங்க. இனி இங்க வராதீங்க. அவசரமில்லீங்க, சாப்புட்டு முடிச்சுட்டே போங்க."

யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. இரண்டு குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பொற்கொடி ஓட, மற்ற இருபதும் அவள் பின்னால் ஓடின. ஒரு பெண் குழந்தை மட்டும் வாசலில் திரும்பி, குழாய்க்கு "டாட்டா" சொல்லிவிட்டுப் போனது.

ஒன்றரை மாதம் மனுவும் போட்டோவும் செய்யாத காரியத்தைக் குழாய் ஒன்றரை நிமிடத்தில் செய்தது. இரண்டு மணிக்கு நான்கு தெருவுக்கும் தெரிந்தது. இரண்டு இருபதுக்கு நிஜாம் அதை ஷார்ஜாவிலிருந்து திருப்பி அனுப்பினான். மையம் அவசரக் கூட்டம் போட்டது. பேய் எந்தத் துறையின் கீழ் வரும் என்பதில் நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு. ஒரு நாட்டில் அது பண்பாட்டுத் துறையில் இருந்தது. இன்னொரு நாட்டில் ஓய்வூதியத் துறையில்.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு ஒரு குழந்தையும் வரவில்லை. போட்டோக்காரரும் வரவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் மறுபடி கிடைக்காது என்பதால், ஆர்.எஸ்.புரத்தில் இருந்தபடியே திரையில் விழாவை நடத்தினார்கள். அங்கன்வாடியில் முந்தின நாளே வரிசையாகப் போட்டுவைத்த இருபத்திரண்டு நாற்காலிகளும் பன்னிரண்டு குட்டிக் கொடிகளும் காத்திருந்தன.

பதினொரு மணிக்குக் கருப்பாத்தாளுக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"அப்பப் போட்டுருங்க."

ஐயாசாமி அப்போது ரசாக் பாய் கடையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறியது. ரோட்டுக்கு அடியில் குழாயில் தண்ணீர் போகும் சத்தம். பதினாறு வருடமாகப் பழகிய சத்தம். அன்று அவர் யாருக்கும் போன் போட்டிருக்கவில்லை.

"பாய், மணி என்னங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஓடினார். தெருமுனையில் நின்று, அந்தப் பக்கம் போனவர்களையெல்லாம் கையை விரித்துத் தடுத்தார். சிலர் அவரைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார்கள். செத்தவர் பகலில் எதிரே வந்தால் அப்படித்தான்.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில், மில் சுவருக்கு மேலே தெரிந்த தொட்டி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது, யாரோ காதில் ஏதோ சொன்ன மாதிரி. பிறகு அங்கே வானம் மட்டும் இருந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

சத்தத்துக்குப் பின்னால் தண்ணீர் தெருவில் இறங்கி வந்தது. முட்டை அட்டைகள், எடை பார்க்கும் தராசு, பன்னிரண்டு குட்டிக் கொடிகள். பிறகு வண்ண நாற்காலிகள், ஒவ்வொன்றாக. ஐயாசாமி முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றை எண்ணினார். இருபத்திரண்டு. எல்லாம் காலியாக வந்தன.

மையத்தின் அறிக்கை மாலையில் வெளிவந்தது. செயற்கைக்கோள் படத்தில் வட்டம் இன்னும் வட்டமாகவே தெரிகிறது. நிழலை மட்டும் காணவில்லை. நிழல் பற்றிய தகவல்கள் ஆய்வில் உள்ளன. ஒரு பேய் வழியாகக் குழந்தைகளைக் கலைத்து விழாவைக் குலைத்தது வெளிநாட்டுச் சக்தி என்பதைப் பன்னிரண்டு நாடுகளும் தனித்தனியாக, எழுத்துக்கு எழுத்து, உறுதி செய்தன. கௌதமனுக்கு மூன்றாவது பொன்னாடை போர்த்தினார்கள். ஷ்ரவ்யா அறிக்கையில் கையெழுத்திடாமல், அம்மாவுக்குப் போன் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பிறகு அவள் மேலே வரவில்லை.

இருட்டும் முன் ஐயாசாமி ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பாவாத்தாள் துண்டைக் கொடுத்தாள். அலமாரியில் இருந்த போன் தானாக விழித்துக்கொண்டது. அந்தக் குரலை நிறுத்தப் பன்னிரண்டு நாடுகளின் ஒப்புதல் வேண்டும். அவற்றில் ஒன்றில் திங்கள்வரை விடுமுறை.

"வணக்கமுங்க. ஐயாசாமி பேசறனுங்க. தொட்டி நல்லா இருக்குதுங்க. சாப்பிட்டீங்களா?"

பாவாத்தாள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இந்தமுறை அவள் பதில் சொல்லவில்லை.

கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் விடுவது ஐயாசாமிக்குப் பழக்கமில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல் கேட்டது.

"நானும் இன்னும் இல்லீங்க" என்றது அது.